அன்றாடச் சத்தங்களை வைத்து ஒரு ராக் சிங்கிள் உருவாக்குவது எப்படி? செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

செய்திருக்கிறோம். நான்கு பேர் கொண்ட எங்கள் குழு போன வருடம் வெளியிட்ட சிங்கிள், முழுக்க முழுக்க ஒரு வீட்டின் சத்தங்கள் மேல்தான் நிற்கிறது. நான் கிட்டார் வாசிக்கிறேன். மற்றவர்கள் பேஸ், டிரம்ஸ், பாட்டு. முதல் டெமோ சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று புரிந்த பிறகுதான் பாட்டு பிறந்தது. அதனால் அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வளர்ந்த வீட்டை அம்மா காலி செய்ய வேண்டி வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், எல்லாரும் களைத்துப்போய்த் தரையில் படுத்துவிட்டோம். பேச்சு நின்றதும் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’. சமையலறையிலிருந்து ஃபிரிட்ஜின் முனகல். யாரோ வாசல் கேட்டைத் திறந்தார்கள். அது வழக்கம்போல இழுத்து அழுதது. முப்பது வருடமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தங்கள். ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை. இன்னும் பத்து நாளில் இவை எதுவும் நமக்கு இருக்காது என்று தோன்றியபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலமே டிரம்மரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

எங்களிடம் அப்போது பாதி எழுதிய பாட்டு ஒன்று இருந்தது. இ மைனரில், நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில். கிட்டாரில் இ மைனர் கைக்கு சுகமானது. திறந்த தந்தியே அடித்தளமாகிவிடும். அந்தப் பாட்டில் இந்தச் சத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஃபேன் டிக்கை வெட்டி 140-க்கு ஒட்டினோம். கேட்டின் அழுகையை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கி ஸ்கேலுக்குள் உட்காரவைத்தோம். ஃபிரிட்ஜைப் பின்னணியில் மெல்ல ஓடவிட்டோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட் வரும் இடத்தில் தலையைத் தூக்கினார். “இது நம்ம கேட் இல்லையே. யார் வீட்டுது?” என்றார்.

மூன்று அரைச்சுரம்தான் இறக்கியிருந்தோம். ஆனால் அந்த கேட் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சமையலறையிலிருந்து சொல்லிவிடுபவர் அவர். அவருக்கு அது வேறு கேட். அன்று இரவு நாங்கள் நால்வரும் ஒரு முடிவு எடுத்தோம்: இனி எந்தச் சத்தத்தையும் பாட்டுக்காக வளைக்கக்கூடாது. பாட்டுத்தான் சத்தத்துக்காக வளைய வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கான பதில் இந்த ஒன்றுதான். மீதி எல்லாம் இதைச் செய்யும் வழிமுறைகள்.

பழைய பாட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வீட்டிடமிருந்தே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தோம்.

முதலில் வேகம். சுழலும் எந்தச் சாதனத்திலும், சுற்றுக்கு ஒரு முறை தட்டும் கோளாறு இருந்தால், அதன் சுழற்சி வேகமே பாட்டின் வேகம். ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து 30 விநாடி எண்ணினோம்: 58 டிக். அதாவது நிமிடத்துக்கு 116. பாட்டின் வேகம் 116 என்று அங்கேயே எழுதிக்கொண்டோம். 140-இல் துள்ளிய பாட்டு 116-க்கு வந்ததும் கனமாகி, நடக்க ஆரம்பித்தது. வாஷிங் மெஷினிலும் இதே கணக்குதான். துணி ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் சுற்றுக்கு ஒரு ‘தொம்’ விழும்.

அடுத்தது சுருதி. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் இடங்களில் ஃபிரிட்ஜ், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் முனகும். மின்னோட்டம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உச்சம் தொடுவதால் மோட்டாரின் இரும்பும் இரண்டு முறை அதிர்கிறது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இதுவே 120. கிட்டாரின் ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட், அதாவது கீழ் ஜி, 98 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடைவெளி 2 ஹெர்ட்ஸ். ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஜியை மீட்டினால், விநாடிக்கு இரண்டு முறை சத்தம் பெருத்துச் சிறுத்து, ‘வ்வூம் வ்வூம்’ என்று ஊசலாடுவது காதுக்குத் தெளிவாகக் கேட்கும். முறுக்காணியை மெல்லத் திருகத் திருக அந்த ஊசல் நிதானமாகி, நின்றுபோகும். நின்ற கணத்தில் கிட்டாரும் ஃபிரிட்ஜும் ஒரே சுரம். கிட்டாரைத் தொடையில் வைத்தபடி அந்த ஊசல் நிற்பதற்காகக் காத்திருந்த அந்த அரை நிமிடத்தை என்னால் மறக்க முடியாது.

கணக்காகச் சொன்னால் இது சுமார் 35 சென்ட் உயர்த்துவது (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). எல்லாரும் சுருதி சேர்க்க வைத்துக்கொள்ளும் ஏ சுரம், வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 449. எல்லா டியூனரிலும் அவ்வளவு தூரம் போக முடியாது. முடியாவிட்டால் மேலே சொன்னபடி காதால் சேர்த்துக்கொள்ளலாம். பேஸ், கிட்டார், இரண்டு இடங்களில் வரும் கீபோர்ட், எல்லாவற்றையும் இதற்கு ஏற்றினோம். பாடுபவருக்கு எதுவும் சொல்லவில்லை. ஹெட்ஃபோனில் ஃபிரிட்ஜை வைத்ததும் தொண்டை தானாகவே அங்கே போய்விட்டது.

மூன்றாவது ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு. துருப்பிடித்த கீல் ஏன் பாடுகிறது என்றால், வயலின் வில்லும் தந்தியும் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது: பிடித்துக்கொள்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும்போது அதற்கு ஒரு சுரம் கிடைக்கிறது. திறக்கும் வேகத்தைப் பொறுத்து அந்தச் சுரம் மாறும். எனவே கேட்டையும் ‘வாசிக்க’ வேண்டும். டிரம்மர் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை பதிவு செய்தோம். அவற்றில் ஒன்று சுமார் 950 ஹெர்ட்ஸில் தொடங்கி 800-இல் வந்து நின்றது. அது ஒரு மைனர் மூன்றாம் இடைவெளி, அதாவது மூன்று அரைச்சுரம். 800 என்பது 100-இன் எட்டு மடங்கு. அதாவது ஃபிரிட்ஜ் முனகும் அதே ஜி, மூன்று ஆக்டேவ் மேலே. இதை நாங்கள் திட்டமிடவில்லை. நாற்பதில் அந்த ஒன்றைத்தான் நால்வரின் காதும் தேர்ந்தெடுத்தது. அளந்து பார்த்தது அதற்குப் பிறகுதான். பாட்டு ஜி மைனர் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அந்த இரண்டு சுர இறக்கம்தான் இப்போது பாட்டின் ரிஃப். முதலில் கேட் சொல்லும்; அப்புறம் கிட்டார் டிஸ்டார்ஷனோடு அதையே திருப்பிச் சொல்லும்.

இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. பாரிஸில் வானொலிப் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948-இல் ரயில் எஞ்சின்களின் சத்தத்தைத் தட்டில் பதிந்து, தட்டின் வரியை வட்டமாக மூடிச் சுழலவிட்டு, அதையே இசையாக ஒலிபரப்பினார். இன்று நாம் லூப் என்று சாதாரணமாகச் சொல்வதை அவர் அப்படித்தான் கையால் செய்தார். ராக்கில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பத்தில் உள்ள ‘மணி’. சில்லறை, கிழியும் காகிதம், கல்லாப்பெட்டி என்று ஒவ்வொரு சத்தமும் டேப்பில் ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டி ஒட்டப்பட்டு, ஏழு அடிக்கு ஒரு வட்டம் என்று சுழல்கிறது. பாட்டின் தாளமும் ஏழு. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் 120 வேகப் பாட்டின் ஒரு அடி என்பது 19 சென்டிமீட்டர் நீளம். காலத்தை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்தப் பாட்டில் கல்லாப்பெட்டி அலங்காரமாக வரவில்லை, தாளம் போடுகிறது. நீங்களும் உங்கள் சத்தத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். சோதனை எளிது: அந்த டிராக்கை மியூட் செய்து கேளுங்கள். ஒன்றுமே குறையவில்லை என்றால் அதற்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

எந்த மைக் வேண்டும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் போனில்தான் பதிந்தோம். போன் தானாகவே சத்தத்தின் அளவை ஏற்றி இறக்கும். பின்னணியை இரைச்சல் என்று நினைத்து அழிக்கவும் செய்யும். டிக் கேட்டதும் ஃபிரிட்ஜ் அமுங்கி, மறுபடி எழுந்து, மறுபடி அமுங்கியது. தானியங்கி அளவையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க வழியுள்ள ஆப் இருந்தால் போனே போதும், யோசனையைப் பிடித்து வைக்க. கடைசிப் பதிவுக்கு ஒரு கையடக்க ரெக்கார்டரை இரவல் வாங்கினோம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 96,000 முறை சத்தத்தை அளந்து பதியும். மெதுவாக்கிக் கேட்கும் எண்ணம் இருந்தால் 96 நல்லது, ஒரு ஆக்டேவ் இறக்கினாலும் மேல் அலைகள் மிஞ்சும். இல்லையென்றால் 48 தாராளம். உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தோம். கேட் எப்போது கத்தும் என்று யாருக்கும் தெரியாது.

நான் ரொம்பவும் பரிந்துரைப்பது காண்டாக்ட் மைக்கை. வட்டமான சின்னப் பீசோ தகடு. காற்றில் வரும் சத்தத்தை அனேகமாக எடுக்காது, ஒட்டிய பொருளின் அதிர்வைத்தான் எடுக்கும். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் இருபக்க டேப்பால் ஒட்டினோம். தெருவில் வண்டி போனாலும் பதிவு சுத்தமாக இருந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: இதை சாதாரண லைன் உள்ளீட்டில் சொருகினால் தாழ்ந்த ஒலியெல்லாம் போய் தகரம்போலக் கேட்கும். ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீட்டில் சொருக வேண்டும். பீசோவுக்கு சுமார் 1 மெகா ஓம் மின்தடை கொண்ட உள்ளீடு தேவைப்படுகிறது. எங்களுக்கு அரை நாள் இதில் போனது.

இன்னொன்று. மற்ற சத்தங்களைப் பதியும்போது ஃபிரிட்ஜை அணைக்க வேண்டியிருக்கும். மறுபடி போட மறந்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். சினிமா ஒலிப்பதிவாளர்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்களாம். சாவி இல்லாமல் கிளம்ப முடியாதே. நாங்களும் அதையே செய்தோம், மறக்கவே இல்லை. கிளம்பும் முன் யாரும் அசையாமல் இரண்டு நிமிடம் வெறும் அறையையும் பதிந்துகொள்ளுங்கள். துண்டுகளை ஒட்டும் இடங்களில் அந்த வெறுமை கைகொடுக்கும்.

டிரம்ஸைப் பற்றிக் கொஞ்சம். ஸ்னேருக்கு இரும்பு பீரோவின் கதவு. ஓங்கி மூடினால் முதலில் ‘டக்’, பின்னாலேயே தகடு அதிரும் ஒரு ‘ஷ்ஷ்’. ஸ்னேரின் அடித்தோல் கம்பிகள் செய்யும் வேலையை அந்தத் தகடு செய்துவிட்டது. ஹை-ஹேட்டுக்கு சாவிக்கொத்து. தாழ்ப்பாள் நடுவில் சின்னச் சின்னத் தட்டுகளாக. காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு மட்டும் எதுவும் சரிவரவில்லை. மரக்கதவின் தொம் நன்றாக இருந்தாலும் நெஞ்சில் இடிக்கும் அந்த 60 ஹெர்ட்ஸ் அதில் இல்லை. எனவே உண்மையான கிக்கையே அடித்து மேலே கதவை வைத்தோம். இப்படி இரண்டை அடுக்கும்போது ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி ஒருமுறை கேளுங்கள். எந்தப் பக்கம் கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மர் கிளிக்குக்கு, அதாவது கணினி போடும் தாளத் தட்டுக்கு, வாசிக்கவில்லை. ஹெட்ஃபோனில் ஃபேனைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஃபேன் இயந்திரம்போல ஓடாது. மின்னழுத்தத்தோடு 115-க்கும் 117-க்கும் நடுவே போய்வரும். கணினியில் எல்லாவற்றையும் கட்டத்துக்குள் இழுத்துவைக்க ஒரு பொத்தான் போதும். நாங்கள் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு பாரின் (தாள வட்டத்தின்) தொடக்கத்தையும் கையால் குறித்து, கட்டத்தை ஃபேனுக்கு ஏற்ப வளைத்தோம். நூற்றுச் சொச்சம் குறிகள். பேஸ் வாசிப்பவர் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இதைச் செய்தார். அவருக்குத்தான் இந்தப் பாட்டு அதிகம் கடன்பட்டிருக்கிறது.

மிக்ஸிங்கில் ராக்குக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டால் 100 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை இடமே இருக்காது. தாழ்ப்பாள், சாவி, கேட்டின் முனை எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. குறிப்பிட்ட அலைவரிசைகளை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் அங்கங்கே பள்ளம் வெட்டிப் பார்த்தோம். கிட்டார் மெலிந்தது, கேட் மேலே வரவில்லை. கடைசியில் நான் வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன். கேட் பேசும் இரண்டு அடிகளில் கிட்டார் கிடையாது. நடுவில் எட்டு பார் முழுக்க ஃபேன், ஃபிரிட்ஜ், குரல் மட்டும். அந்த எட்டு பாருக்குப் பிறகு கிட்டார் திரும்ப வரும்போது, ஒலியளவைக் கூட்டாமலே இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்டது. கேட்டை இரண்டாவது முறை மட்டும் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் வழியாக ஆம்ப்பில் விட்டு மறுபதிவு செய்தோம். சுரம் மாறவில்லை, தொண்டை மட்டும் கரகரத்தது. இந்த அளவு சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம்.

வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்குக்கு அனுப்பியபோது ஒரு அதிர்ச்சி. திரும்பி வந்த ஃபைலில் ஃபிரிட்ஜ் இல்லை. அங்கே வேலை செய்தவர் 100 ஹெர்ட்ஸ் முனகலை வயரிங் கோளாறு என்று நினைத்து, அக்கறையோடு வடிகட்டித் துடைத்திருந்தார். அவர் மேல் தவறில்லை. அந்தச் சத்தத்தைத் துடைப்பதுதான் அவர்களுடைய அன்றாட வேலை. பாட்டின் சுருதியே அதுதான் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். எந்தெந்த இரைச்சல் வேண்டுமென்றே வைத்தது என்று நிமிடம் விநாடியோடு ஒரு தாளில் எழுதி ஃபைலோடு அனுப்புங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் பல சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்திவிடுவதால், சத்தத்தை ஏற்றி நசுக்கச் சொல்லவும் வேண்டாம். நசுக்கினால் முதலில் சாவது சாவிக்கொத்துபோன்ற மெல்லிய சத்தங்கள்தான்.

உரிமை விஷயம்: கேட்டுக்கும் ஃபேனுக்கும் யாரும் பதிப்புரிமை கேட்க மாட்டார்கள். ஆனால் மெட்டு வாசிக்கும் காலிங் பெல், ரிங்டோன், பக்கத்து வீட்டு டிவி, தெரியாமல் பதிவான அடுத்தவர் குரல், இவை உள்ளே வந்துவிட்டால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள். எங்கள் காலிங் பெல்லைச் சேர்க்க எனக்கு ரொம்ப ஆசை. அந்த மெட்டு யாருடையது என்று உறுதியாகத் தெரியாததால் சேர்க்கவில்லை. வெளியிடும்போது பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும்; ஒரு பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட குறியீடு அது. விநியோகத் தளங்கள் பெரும்பாலும் அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

பாட்டு மெல்லத் தேய்ந்து முடிவதில்லை. கடைசி அடிக்குப் பிறகு ஃபிரிட்ஜ் மட்டும் ஓடும். கம்ப்ரசர் நிற்கும்போது உடம்பைச் சிலுப்பிக்கொள்ளும் அந்த ‘கடகட’ வரும். அப்புறம் ஆறு விநாடி வெறும் அறை. அம்மா இரண்டாவது பதிவைக் கடைசிவரை கேட்டார். கேட் பற்றி எதுவும் சொல்லவில்லை. “ஃபிரிட்ஜ்ல தண்ணி வச்சிருந்தோமா?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டை ஒப்படைத்து இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். புதிதாக வந்தவர்கள் கேட்டுக்கு வண்ணம் பூசி, கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். ஒரு சிறுவன் திறந்துகொண்டு ஓடினான்; சத்தமே வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அந்த நாற்பது சொச்சம் பதிவுகளையும் இன்னும் இரண்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்து வைத்தேன். நீங்களும் பதிந்த அன்றைக்கே அப்படிச் செய்துவிடுங்கள்.